பற்றவைத்த சிலிண்டர்: சூடும் கடைசலும்

மாதிரி நீராவி ரயில் எஞ்சினுக்கு வார்ப்புக்குப் பதிலாக எஃகுக் குழாயையும் தகடுகளையும் வெல்டிங் செய்து சிலிண்டர் அமைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. 40 மி.மீ. துளையுள்ள சிலிண்டரை மனத்தில் வைத்தே அளவுகளைச் சொல்கிறேன்.

கேள்வி: வெல்டிங் முடித்த கையோடு லேத்தில் ஏற்றித் துளையைக் கடைந்தேன், அளவு கச்சிதமாக வந்தது. வால்வு முகப்பை (வால்வு உட்காரும் தட்டையான பரப்பை) மில்லிங் செய்ததும் துளை நீள்வட்டமாகிவிட்டது. லேத்தில் கோளாறா ஐயா?

பதில்: லேத்தின் மேல் பழி போடாதீர்கள். உருகிய வெல்டு ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு விடுவதில்லை. முறுக்கிக் கட்டிய கயிற்றுக் கட்டில் போல, வெல்டு ஒரு பக்கம் இழுக்க, மற்ற எஃகு அதைத் தாங்கி நிற்கிறது. ஒரு பக்கத்தில் எஃகைச் சீவி எடுத்தால் அந்தச் சமநிலை குலைந்து உடல் வளைகிறது. என் முதல் சிலிண்டரில் வால்வு முகப்பில் 2 மி.மீ. எடுத்துவிட்டுக் கிளாம்பைத் தளர்த்தினேன். துளைக்குள் வைத்த, நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜின் முள் மெல்ல நகர்ந்து 0.12 மி.மீ. காட்டியது. கிளாம்பு பிடித்திருந்தவரை எல்லாம் சரியாகவே தெரிந்தது.

எனவே வரிசை இதுதான்: முதலில் தோராயமாகக் கடையுங்கள். துளையின் விட்டத்தில் 1.5 மி.மீ., முகப்புகளில் 1 மி.மீ. மிச்சம் விடுங்கள். அதன்பின் சூடு. இறுதி அளவு அதற்குப் பிறகே.

கேள்வி: பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் துளை கடினமாகி நெடுநாள் உழைக்காதா?

பதில்: வேண்டவே வேண்டாம். மைல்டு ஸ்டீலில் கார்பன் 0.25 சதவீதத்துக்கும் குறைவு. முக்கினால் சொல்லிக்கொள்ளும்படி கடினமாகாது. கோணல் மட்டும் மிஞ்சும். நமக்கு வேண்டியது உள் இறுக்கம் தளர்வதுதான். 600 முதல் 650 டிகிரி செல்சியஸ் சூட்டில் எஃகின் வலு வெகுவாகக் குறைகிறது. அடைபட்டிருந்த இறுக்கத்தைத் தாங்க முடியாமல் அது தானாகத் தளர்ந்துவிடும். எஃகின் உள்ளமைப்பு மாறத் தொடங்கும் 727 டிகிரிக்குக் கீழேயே நிற்கிறோம்.

25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. மெல்லிய சுவருக்கும் நான் முழு மணி நேரம் கொடுக்கிறேன். மணிக்கு 150 டிகிரி வீதம் நிதானமாக ஏற்றுங்கள். பின்னர் உலையை அணைத்து, கதவைத் திறக்காமல் 300 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை காத்திருங்கள். பாதிச் சூட்டில் வெளியே எடுத்தால் ஒரு பக்கம் முந்தி ஆறிப் புதிய இறுக்கம் குடியேறும்.

கேள்வி: மின் உலை இல்லை. கரி அடுப்பில் முடியுமா?

பதில்: முடியும். மங்கலான அறையில் உடல் முழுவதும் ஒரே கருஞ்சிவப்பாகத் தெரியவேண்டும். செர்ரிப் பழச் சிவப்பு என்றால் அளவு மீறிவிட்டது. பிறகு உலர்ந்த சாம்பலில் புதைத்து மறுநாள் எடுங்கள்.

கேள்வி: வால்வுப் பெட்டிக்கும் சிலிண்டருக்கும் நடுவே நாலா பக்கமும் அடைபட்ட காலி இடம் ஒன்று இருக்கிறது. அப்படியே உலையில் வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள்! முதலில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். அடைபட்ட காற்று 620 டிகிரியில் ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தம் பெறும். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீரோ எண்ணெயோ இருந்துவிட்டால் அழுத்தம் எங்கோ போய்விடும், அதுவும் எஃகு வலுவிழந்து நிற்கும் நேரத்தில். உலை வெடித்து ஆளுக்குக் காயம் வரும். இந்த ஒன்றில் மட்டும் எவரும் அசட்டையாக இருக்கவேண்டாம்.

கேள்வி: சிலிண்டர் முனையில் மூடியைப் பூட்டும் விளிம்புத் தகடான ஃபிளாஞ்சுக்கு, எளிதாகக் கடைய வரும் ஃப்ரீ கட்டிங் எஃகைப் போடலாமா?

பதில்: கூடாது. கடைசலை எளிதாக்கும் கந்தகமே வெல்டு உறையும்போது விரிசலை உண்டாக்கும். சாதாரண மைல்டு ஸ்டீல் போதும்.

கேள்வி: நீராவிக் குழாயை வெள்ளிப் பற்றால் (வெள்ளி கலந்த பற்று உலோகத்தால்) இணைத்துவிட்டேன். இனி சூடாக்கலாமா அண்ணா?

பதில்: பல வெள்ளிப் பற்றுகள் ஏறக்குறைய 610 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் தம்பி. குழாயைக் கழற்றிவிட்டுச் சூடாக்குங்கள். வெள்ளிப் பற்றால் இணைப்பது அதற்குப் பிறகு.

கேள்வி: எஃகுத் துளையிலேயே பிஸ்டனை ஓடவிடலாமா, லைனர் (துளைக்குள் செருகும் உள்குழாய்) வேண்டுமா?

பதில்: ஓடும். ஆனால் ஓட்டிவிட்டு ஈரத்தோடு வைத்தால் ஒரே இரவில் துரு பூக்கும். வார்ப்பிரும்பு லைனர்தான் என் விருப்பம். அதிலுள்ள கிராஃபைட் உராய்வைக் குறைக்கிறது. விரிவும் எஃகின் விரிவுக்கு நெருக்கமானது. வெண்கலம் எஃகைவிட ஒன்றரை மடங்கு விரியும். லைனரின் வெளிவிட்டம் 45 மி.மீ. என்றால் துளையைவிட 0.02 மி.மீ. கூடுதலாக வையுங்கள். சிலிண்டரை 200 டிகிரிக்குச் சூடாக்கினால் துளை ஏறக்குறைய 0.1 மி.மீ. விரியும், லைனர் தடையின்றி இறங்கும். தயங்காமல் ஒரே மூச்சில் இறக்குங்கள். பாதியில் நின்றால் பிடித்துக்கொள்ளும். இறுதிக் கடைசல் அதற்குப் பிறகு.

கேள்வி: வால்வு முகப்பு துளைக்கு இணையாக வர என்ன செய்வது?

பதில்: துளையை முதலில் முடியுங்கள். பிறகு துளைக்குள் இறுக்கமாகச் செருகும் உருளைத் தண்டான மான்ட்ரலில் ஏற்றி இரு முனைகளையும் சீவுங்கள். அதே மான்ட்ரலை மில்லிங் மேசையில் வி பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள தாங்கியில்) கிடத்தி முகப்பை எடுத்தால் எல்லாம் ஒரே அச்சைச் சார்ந்து வரும். பூட்டுவதற்கு முன் நீராவி வழிகளைச் சுரண்டிக் கழுவுங்கள். உலைச் சூட்டில் உள்ளே படிந்த கருஞ்செதில் ஓட்டத்தில் உதிர்ந்தால், முதல் நாளே துளையில் நீளக் கீறல் விழும்.