பால் குடுக்கிறவளுக்கு நாலு மணிக்கா சாப்பாடு?

கேள்வி: முதல் குழந்தை, பையன், 12 வாரம் ஆகுது. அம்மா வீட்ல இருந்து மாமியார் வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம். சாயங்காலம் ஆனா ஒரே அழுகை, பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா பால் கேக்குறான். மாரும் முன்ன மாதிரி கட்டுறதில்ல. பொறந்தப்ப 2.9 கிலோ, 10வது வார ஊசிக்கு போனப்ப 4.7 கிலோ. தினமும் ஏழெட்டு தடவ ஒண்ணுக்குப் போறான். இங்க அஞ்சு பேருக்கு பரிமாறிட்டு நான் சாப்பிட நாலு மணி ஆயிடும், அது பழகிடுச்சு. பால் பத்தலன்னு வீட்டுக்காரர் பவுடர் டின் வாங்கி வச்சிருக்கார். ஆரம்பிக்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: டின்ன பத்தி அப்புறம் பேசலாம். "நாலு மணி ஆயிடும், அது பழகிடுச்சு"ன்னு போற போக்குல எழுதிட்டுப் போயிட்டியே, ரெண்டே வாரத்துல என்னம்மா பழகிடுச்சு? ராத்திரி எத்தன தடவ எந்திரிச்சு பால் குடுத்திருப்ப, காலைல எதையோ வாயில போட்டுட்டு அதோட சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நிக்கிற, நடுவுல அஞ்சு பெரியவங்களுக்கு சோறு போடுற. அந்த அஞ்சு பேர்ல ஒருத்தருக்குக் கூட கை இல்லையா? குழம்ப எடுத்து ஊத்திக்கத் தெரியாதா?

நீ சாப்பிடாததால பால் வத்திடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். உடம்பு அப்படி வேலை செய்யாது. தாய் அரைவயிறா இருந்தாலும் பிள்ளைக்குப் பால் ஊறத்தான் செய்யும், எலும்புல இருக்கிற சுண்ணாம்புச்சத்து வரைக்கும் எடுத்துக் குடுத்துடும். அதனாலதான் உன் பசி யார் கண்ணுக்கும் தெரியல. பிள்ளை எடை ஏறிட்டே இருக்கும், அவனப் பெத்தவ எந்திரிச்சா தலை சுத்தும் முடி கொட்டும், எல்லாம் பிள்ள பெத்த உடம்பு அப்படித்தான்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. மொத ஆறு மாசம் பால் குடுக்கிறவளுக்கு தினமும் 600 கலோரி கூடுதலா வேணும்னு ஐசிஎம்ஆர், அதான் மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதோட கணக்கே இருக்கு, அதாவது நீ வழக்கமா சாப்பிடுறதுக்கு மேல இன்னொரு வேளை நல்ல சாப்பாடு. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு எல்லாம் நல்லதுதான், ஆனா அத நாலு மணிக்கு ஆறிப்போய் அடிச்சட்டில மிஞ்சினதா சாப்பிட்டு என்ன பிரயோஜனம்.

கைக்குழந்தை இருக்கிற வீட்ல மொத இலை பால் குடுக்கிறவளுக்குத்தான் போடணும், மாமனாருக்கும் அப்புறந்தான் புருஷனுக்கும் அப்புறந்தான், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது. பேரன் வேணும்னு காத்திருந்த வீடு பேரனுக்குப் பால் வர்ற உடம்பப் பாக்க வேணாமா? உன்னையும் திட்டணும். பசிக்குதுன்னு வாய தொறந்து சொல்லியிருக்கியா நீ? கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு பேசாம இருக்க, அத பொறுமைன்னு வேற நினைச்சிட்டு இருக்க.

உன் வீட்டுக்காரர்கிட்ட இத படிக்கக் குடு. தம்பி, கடைக்குப் போயி காசு குடுத்து டின் வாங்கத் தெரிஞ்ச உனக்கு, ஒரு மணிக்கு பையனத் தூக்கித் தோள்ல போட்டுட்டு "நீ போய் சாப்பிடு"ன்னு சொல்லத் தோணலையா? வேலைக்குப் போற நாள்ல உங்கம்மாகிட்ட சொல்லிட்டுப் போ, மருமக சொன்னா குத்தமாத் தெரியிறது மகன் சொன்னா தெரியாது.

இனி டின். ஏழெட்டு தடவ ஒண்ணுக்குப் போறான், 10 வாரத்துல 1.8 கிலோ ஏறியிருக்கான், இது பால் பத்தாத பிள்ளையோட கணக்கு இல்ல. ரெண்டு மூணு மாசத்துல உடம்பு பிள்ளையோட தேவைய புரிஞ்சுக்கிட்டு அதுக்கேத்தாப்ல சுரக்கும், மார் கட்டாம லேசா இருக்கிறது அதனாலதான். சாயங்காலம் விட்டு விட்டுக் குடிக்கிறதும் இந்த வயசுல நிறைய பிள்ளைங்க பண்றதுதான், எடமும் ஆளுங்களும் புதுசுன்னா கூட கொஞ்சம் அழும். இந்த நேரத்துல ஒரு பாட்டில் பவுடர் பால் குடுத்தா அந்த வேளைக்கு மார்ல பால் அப்படியே தங்கும், தங்கினா சுரக்கிறது குறையும், நாளைக்கு ரெண்டு பாட்டில் கேப்பான், அப்புறம் நெசமாவே பத்தாமப் போயிடும். பவுடர் பால் விஷம் ஒண்ணும் இல்ல, எடை ஏறலன்னு டாக்டர் சொன்னா யோசிக்காம குடுத்துத்தான் ஆகணும். உனக்கு அப்படி யாரும் சொல்லல. தண்ணி, தேன், கிரைப் வாட்டர்னு யாராவது நீட்டினாலும் வேணாம்னு சொல்லிடு, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும்.

ஒண்ணுக்குப் போறது ஆறு தடவைக்குக் கீழ வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, பால் குடிக்காம துவண்டு கிடந்தாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடு. பிள்ளை மட்டுமில்ல, நீயே காரணம் தெரியாம தினமும் அழுதுட்டு இருந்தாலும் அதையும் டாக்டர்கிட்ட சொல்லு, மறைக்காத.

14வது வார ஊசி வருதுல்ல, உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போ. எடைய கார்டுல குறிக்கச் சொல்லு, அவர் முன்னாடியே நர்ஸம்மாகிட்ட டின்ன பத்திக் கேளு, அதோட நீ எத்தன மணிக்கு சாப்பிடுறன்னும் சொல்லு.