வாக்களித்த காணிக்கையைக் கொடுக்க முடியவில்லை

கேள்வி: புதிய ஆலயம் கட்ட மூன்று ஆண்டுகளுக்கு மாதாமாதம் ஒரு தொகை தருவதாக உறுதிமொழி அட்டையில் நானும் கணவரும் கையெழுத்துப் போட்டோம். முதல் ஆண்டு தவறாமல் கட்டினோம். இப்போது அவருக்கு வேலை போய்விட்டது. ஐந்து மாதப் பாக்கி. பொருளாளரைப் பார்க்கவே கூச்சமாக இருப்பதால் ஞாயிறு திருப்பலிக்கு வேறு பங்கு ஆலயத்துக்குப் போகிறோம். கடவுளுக்குக் கொடுத்த வாக்கை மீறிய பாவமா இது? கடன் வாங்கியாவது கட்டிவிடலாமா?

பதில்: கடன் வாங்காதீர்கள், சகோதரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பங்கு நிதிக்குழுவில் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவள் நான். வட்டிக்கு வாங்கி வந்து கொடுக்கும் பணத்தில் ஆலயம் எழும்ப வேண்டியதில்லை.

நேர்ந்துவிட்டுச் செலுத்தாமல் இருப்பதைவிட நேராமலே இருப்பது மேல் என்று விவிலியத்தில் சபை உரையாளர் நூலின் 5ஆம் அதிகாரம் சொல்வதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அது கடவுளுக்கே செய்யும் நேர்ச்சையைப் பற்றியது. நீங்கள் கையெழுத்திட்டதோ, ‘இவ்வளவு தர நினைத்திருக்கிறோம், அதை வைத்துத் திட்டமிடுங்கள்’ என்று பங்குக்குச் சொன்ன சொல். ஒருவேளை அதை மனத்தில் நேர்ச்சையாகவே செய்திருந்தாலும் கலங்க வேண்டாம். தகுந்த காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விலக்களிக்கப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் எண் 1196 பாருங்கள்.

விவிலியத்தில் வரும் கொரிந்து நகரக் கிறிஸ்தவச் சபையாரும் உங்கள் நிலையில் இருந்தவர்கள்தான். எருசலேமின் ஏழைகளுக்குத் தருவதாக ஓராண்டுக்கு முன்பே சொல்லிவிட்டு, முடிக்காமல் வைத்திருந்தார்கள். பவுல் அவர்களுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8, 9 அதிகாரங்களை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். தொடங்கியதை முடியுங்கள் என்கிறார். ஆனால் ஒருவரிடம் இருப்பதற்கு ஏற்பத்தான் கொடை ஏற்கப்படும், இல்லாததைக் கேட்பதில்லை என்பதையும் உடனே சேர்த்துவிடுகிறார்.

இனி நிதிக்குழுவின் பக்கம். குறைந்த தொகை எங்களைத் திணறடித்ததில்லை, மௌனம்தான் திணறடிக்கும். ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டிய தவணைகள், வந்துசேரும் என்று நம்பும் தொகையை ஒட்டித்தான் போடப்படுகின்றன. சில குடும்பங்களிடமிருந்து பணமும் வராமல் பேச்சும் வராமல் போனால், தரை வேலையைத் தொடங்குவதா தள்ளிப்போடுவதா என்று யாருக்கும் தெரியாது. ‘ஆறு மாதத்துக்கு எதுவும் தர இயலாது’ என்று நீங்கள் எழுதினால் அந்தத் தவணையை மாற்றிக்கொள்ள எங்களால் முடியும்.

ஆகவே ஒரு கடிதம் எழுதுங்கள். வாக்களித்தது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, இனி எவ்வளவு முடியும், எப்போது மறுபடி பார்க்கலாம் என்ற நான்கும் போதும். வேலை போன கதையை விரிவாக எழுதத் தேவையில்லை. உங்கள் ரசீதுகளைக் கணக்கேட்டோடு ஒப்பிட்டுக் காட்டும்படி கேளுங்கள். மாற்றிய தொகையை ஏட்டில் பதிந்ததற்கு எழுத்தில் பதிலும் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வங்கியிலிருந்து தானாகப் போகும்படி வைத்திருந்தால், முதல் வேலையாக அதை நிறுத்துங்கள். கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் வங்கி அபராதம் போடக்கூடும்.

பாக்கி வைத்தவர்களின் பெயரைப் பீடத்திலிருந்து வாசிக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் நிறுத்தப்பட வேண்டியது. அப்படி வாசிப்பார்களோ என்ற பயம் இருந்தால் அதையும் பங்குத்தந்தையிடம் நேரடியாகச் சொல்லுங்கள். வரும் ஞாயிறே உங்கள் பங்குக்குத் திரும்புங்கள்.

மறுபடி வாக்களிக்கும் காலம் வந்தால் நிலையான வருமானத்தை மட்டும் எண்ணுங்கள். ஞாயிறு காணிக்கையை எடுத்துக் கட்டட நிதிக்கு மாற்றவும் வேண்டாம். பலரும் அப்படிச் செய்வதால்தான் கட்டடம் ஒரு பக்கம் உயர, மின்கட்டணத்துக்கும் பணியாளர் சம்பளத்துக்கும் பங்கு தவிக்கிறது.

கேள்வி: கூரைக்கென்று நான் கொடுத்ததை ஒலிபெருக்கி வாங்கச் செலவிட்டிருக்கிறார்கள். கேட்கலாமா?

பதில்: கட்டாயம் கேட்கலாம், ஐயா. ஒரு நோக்கத்துக்கென்று தந்த கொடையை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்கிறது மேலே சொன்ன திருச்சபைச் சட்டத் தொகுப்பின் எண் 1267. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது எண் 537. மக்கள் கொடுத்ததற்கு மக்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது எண் 1287. கூரை வேலை கைவிடப்பட்டதா, பிறகு ஈடுசெய்யும் எண்ணமா என்பதை முதலில் நிதிக்குழுவிடம் விசாரியுங்கள். தேவை மாறியிருந்தால் பணம் தந்த உங்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அடுத்த கூட்டக் குறிப்பில் அது பதிவாகட்டும்.