சேணத்துக்கு அடியில் எதைப் போடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் பெண்குதிரைக்கு 15 வயது. காலில் அடிபட்டுச் சில மாதங்கள் ஓய்வில் இருந்தாள். மருத்துவர் அனுமதித்த பிறகு மெதுவாகச் சவாரியைத் தொடங்கியிருக்கிறேன். முன்பு கச்சிதமாக இருந்த சேணம் இப்போது முன்பக்கம் தாழ்ந்து உட்காருகிறது. சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனாலே காதைப் பின்னால் மடக்குகிறாள். ஜெல் ஹாஃப் பேட் (சேணத்துக்கு அடியில் வைக்கும் சிறிய மெத்தை) போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். செம்மறித்தோல்தான் சுகம் என்கிறார் இன்னொருவர். எதை வாங்கட்டும்?

பதில்: வாங்குவது இருக்கட்டும், முதலில் அவளுடைய வெறும் முதுகைப் பாருங்கள். வேலையில்லாமல் நின்ற குதிரைக்குச் சீக்கிரமாகக் கரைகிற இடங்களில் ஒன்று, விதர்ஸ் என்று நாம் சொல்கிற தோள்மேட்டுக்கு இருபுறமும், தோளெலும்புக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் தசை. அங்கே உள்ளங்கையை வைத்தால் முன்பு நிரம்பியிருந்த இடம் குழிந்திருப்பது தெரியும். சேணத்தின் உள்ளே இருக்கும் சட்டம் பழைய அகலத்திலேயே இருக்கிறது, அதைத் தாங்கிய சதை குறைந்துவிட்டது. அதனால்தான் முன்பக்கம் இறங்குகிறது. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் இன்னும் இறங்கும்.

அவள் காதை மடக்குவதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வலியின் அடையாளமாக இருக்கலாம். முதுகெலும்பைத் தொடாமல், அதற்கு இரண்டு பக்கமும் ஓடும் நீண்ட தசையில் விரல் நுனிகளைப் படுக்கவைத்து, தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே சீரான அழுத்தத்தில் மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். எங்காவது தோல் துடிக்கிறதா, முதுகைக் கீழே தழைத்துக்கொள்கிறாளா, தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கிறாளா, வாலை அடிக்கிறாளா? ஒரே இடத்தில் மறுபடியும் மறுபடியும் அப்படிச் செய்தால் சவாரியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வயிற்றுப் புண் இருக்கிற குதிரையும் வயிற்று வாரை இறுக்கும்போது இப்படித்தான் முரண்டு பிடிக்கும். அதை எந்தப் பேடும் தீர்க்காது.

முதுகில் வலி இல்லை என்று உறுதியானால், துணி எதுவும் போடாமல் சேணத்தை நேரடியாக வைத்துப் பாருங்கள். தோள்மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னோக்கித் தள்ளினால் அது தானாக ஓர் இடத்தில் நிற்கும். அதுதான் அதன் இடம். வாரைக் கட்டியபின் உள்ளங்கையை முன்பக்கத்திலிருந்து பேனலுக்கு (சேணத்தின் அடிப்பக்க மெத்தைக்கு) அடியில் நுழைத்துப் பின்பக்கம் வரை கொண்டுபோங்கள். கை எங்கே நசுங்குகிறது, எங்கே காற்றில் போகிறது என்பதைக் கவனியுங்கள். முன்னும் பின்னும் அழுத்தி நடுவில் இடைவெளி இருந்தால் சேணம் பாலம் போல நிற்கிறது என்று பொருள், பாரம் முழுவதும் இரண்டு முனைகளில் இறங்கும். பிறகு யாரையாவது ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, தோள்மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். ஆள் உட்கார்ந்த நிலையிலும் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும்.

இந்தச் சோதனையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சேணம் குறுகலாக இருந்தால் எந்தப் பேடும் நிலைமையை மோசமாக்கத்தான் செய்யும். கடிக்கிற ஷூவுக்குள் தடித்த காலுறையைப் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். உங்கள் விஷயம் அதற்கு நேர்மாறு. குதிரை மெலிந்திருக்கிறாள், சேணம் அவளுக்குக் கொஞ்சம் அகலமாகிவிட்டது. தசை திரும்பி வரும்வரை இடத்தை நிரப்ப ஹாஃப் பேட் நிஜமாகவே உதவும். ஆனால் 'கொஞ்சம்' என்பது முக்கியம். ஆள் ஏறியதும் முன்வளைவு தோள்மேட்டையே தொடுகிற அளவுக்கு அகலம் என்றால் பேடை மறந்துவிட்டு, சேணம் பொருத்தத் தெரிந்த ஆளை வரவழைத்துச் சட்டத்தையோ பஞ்சையோ மாற்றச் சொல்லுங்கள்.

சரி, இனி ஜெல்லா, செம்மறித்தோலா? உங்கள் குதிரைக்கு என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை. ஷிம் (இடைவெளியை நிரப்பும் துண்டு) வைக்கிற பைகள் உள்ள பேடைத் தேடுங்கள். பேடின் உள்ளே முன், பின் (சிலவற்றில் நடுவிலும்) சின்னப் பைகள் இருக்கும். அவற்றில் கம்பளி ஃபெல்ட் அல்லது அடர்த்தியான ஃபோம் துண்டுகளைச் செருகலாம், வேண்டாத இடத்தில் எடுத்துவிடலாம். ஜெல் பேட் முன்னும் பின்னும் ஒரே தடிமனில் உயரும். முன்பக்கம் தாழ்ந்த சேணம் அதன்மேல் அதே சாய்வோடுதான் உட்காரும். தவிர, ஜெல் கனம், காற்று விடாது, முதுகு சீக்கிரம் சூடேறும். கையில் அழுத்தும்போது குளுகுளுவென்று இருப்பதை வைத்து ஏமாந்துவிட வேண்டாம்.

செம்மறித்தோலின் குணம் வேறு. நல்ல அடர்த்தியான கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கியும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. உராய்வையும் நன்றாகக் குறைக்கும். வியன்னாவில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், சரியாகப் பொருந்திய சேணத்துக்கு அடியில் ஜெல், லெதர், ஃபோம், கலைமான் ரோமம் என நான்கு வகைப் பேடுகளை வைத்து முதுகில் இறங்கும் விசையை அளந்தார்கள். நடையிலும் டிராட்டிலும் (துள்ளோட்டத்திலும்) விசையைக் குறைத்தது கலைமான் ரோமம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது 'சரியாகப் பொருந்திய சேணம்' என்கிற நிபந்தனைதான். அதனால் வெளிப்புறம் செம்மறித்தோலும் உள்ளே ஷிம் பையும் உள்ள பேட் கிடைத்தால் உங்களுக்கு இரண்டு நன்மையும் சேர்ந்து வரும்.

கடையில் கையில் எடுத்ததும் இவற்றைப் பாருங்கள். ஃபோமைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நன்றாக அழுத்துங்கள். இரண்டு விரலும் ஒன்றையொன்று உணர்ந்தால், உங்கள் எடை இறங்கியதும் அது தட்டையாகிவிடும், பயனில்லை. மெமரி ஃபோமில் மலிவானவை பலவும் இப்படித்தான். அடுத்து, பேடின் நடுவே முதுகெலும்பு நெடுகிலும் தெளிவான இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பாதியையும் இணைக்கும் நாடா தோள்மேட்டின் உச்சியில் கடினமான தையலாக வந்தால் அந்தப் பேடை வைத்துவிட்டு வாருங்கள். வடிவமும் நேராக இருக்கக் கூடாது, தோள்மேட்டுக்கு ஏற்ப முன்னால் எழும்பி வளைந்திருக்க வேண்டும். கடைசியாக, உங்கள் சேணத்தின் பேனலைவிடப் பேட் எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டராவது நீண்டிருக்கட்டும். பேடின் விளிம்பு பேனலுக்கு அடியிலேயே முடிந்தால், அந்த விளிம்பே முதுகில் ஒரு கோடாக அழுந்தும்.

வாங்கிய பிறகு முன்பைகளில் மட்டும், இருபுறமும் சமமாக, இருப்பதிலேயே மெல்லிய ஷிம்மில் தொடங்குங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் சேணத்தின் இருக்கையில் மிகத் தாழ்ந்த இடம் நடுவில் வர வேண்டும். அது வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஏற்றினால் பாரம் பின்பக்கம் போய் இடுப்பை அழுத்தும். குதிரைகளில் பலவற்றுக்கு ஒரு தோள் மற்றதைவிடப் பருமனாக இருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு பக்கம் மட்டும் ஷிம் வைக்கும் ஆசை வரும். அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

வாரைக் கட்டுவதற்கு முன் பேடையும் சேணத்துணியையும் சேர்த்துப் பிடித்து, முன்வளைவுக்குள் நன்றாக மேலே இழுத்துவிடுங்கள். தோள்மேட்டின்மேல் துணி முரசுத்தோல் மாதிரி இறுக்கமாக நின்றால் சவாரி முடிவதற்குள் அங்கே ரோமம் தேய்ந்திருக்கும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியைச் சேணத்துணியாகப் போட்டு அரைமணி நேரம் சவாரி செய்யுங்கள். கழற்றியதும் அழுக்கு படிந்த விதத்தைப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி, முன்னிருந்து பின் வரை சீராகப் படிந்திருந்தால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் கறுத்துப் போயிருந்தால் அங்கே உராய்வு அதிகம். முதுகின் வியர்வையையும் அதோடு ஒப்பிடுங்கள். சுற்றிலும் நனைந்து நடுவில் ஒரு கையளவு காய்ந்திருந்தால், அங்கே ஒன்று அழுத்தம் மிக அதிகம், அல்லது சேணம் தொடவே இல்லை. எது என்பதைத் துணியில் படிந்த அழுக்கு சொல்லிவிடும். வெள்ளை ரோமம் முளைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அது ரோமக்கால் ஏற்கெனவே பழுதான பிறகு வருவது.

அப்புறம், நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை இதே சோதனையை மறுபடியும் செய்யுங்கள். வேலை நன்றாக நடந்தால் அந்தக் குழி நிரம்பும். நிரம்ப நிரம்ப ஷிம்மை எடுத்துவிட வேண்டும். பழைய ஷிம் அப்படியே கிடந்தால், புதிதாக வளரும் தசையை அதுவே நெரிக்கும்.

கேள்வி: என் மகள் ஓட்டும் மட்டக்குதிரை பீப்பாய் மாதிரி உருண்டை. தோள்மேடு என்று ஒன்று இருப்பதே தெரியாது. சேணம் பக்கவாட்டில் சுழன்றுகொண்டே இருக்கிறது. தடிமனான செம்மறித்தோல் ஹாஃப் பேட் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்காது, இன்னும் அதிகமாகச் சுழலும். உருண்டையான முதுகின்மேல் தடிமன் சேரச் சேரச் சேணம் முதுகிலிருந்து விலகிப் போகிறது, பிடிமானம் குறைகிறது. வார் நழுவாமல் இருக்க நீங்களும் அதை இன்னும் இறுக்குவீர்கள், மூச்சு முட்டுவது மட்டக்குதிரைக்குத்தான். இருக்கிற அடுக்குகளைக் குறைப்பதே இங்கே நல்லது. மெல்லிய, வழுக்காத அடிப்பரப்புள்ள ஒற்றைப் பேட் போதும். சேணத்தின் சட்டம் போதுமான அகலமா என்றும் பார்த்துவிடுங்கள். குறுகலான சட்டம் அகலமான முதுகின்மேல் ஏறி நிற்கும், அதனாலும் சுழலும்.

மட்டக்குதிரைகளில் பலரும் விட்டுவிடுவது நீளம். கடைசி விலா எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து, அதன் வளைவிலேயே மேலே போங்கள். அது முதுகெலும்போடு சேரும் இடத்தைத் தாண்டிச் சேணத்தின் பாரம் போகக் கூடாது. குட்டை முதுகில் பெரிய அளவுச் சேணமும் அதைவிடப் பெரிய பேடும் போட்டால் பின்விளிம்பு இடுப்பில் ஏறிக்கொள்ளும். சிறிய அளவு என்றே கேட்டு வாங்குங்கள். சுழலும் சேணத்தில் குழந்தையை கேண்டர் (டிராட்டைவிட வேகமான ஓட்டம்) செய்ய விடாதீர்கள். அது நிற்கும்வரை நடை மட்டும், கூட ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி.

கேள்வி: ஹாஃப் பேட் சேணத்துணிக்கு மேலா, கீழா?

பதில்: பொதுவாக மேலே, அதாவது துணிக்கும் சேணத்துக்கும் நடுவில். வியர்வையைத் துணி வாங்கிக்கொள்ளும், தினமும் துவைப்பதும் அதைத்தான். தோல் மிக மென்மையான குதிரைக்குச் செம்மறித்தோலை நேரடியாக முதுகில் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவைத்து, ரோமத்தைச் சீவிவிட்ட பிறகே மறுபடியும் போட வேண்டும்.

கேள்வி: செம்மறித்தோல் பேடைத் துவைத்தேன், அப்பளம் மாதிரி விறைத்துப் போனது. மீட்க முடியுமா?

பதில்: தோல் வெந்து சுருங்கியிருந்தால் முடியாது. சூடான தண்ணீரோ நேரடி வெயிலோ ஹீட்டரோ பட்டிருக்கும். சாதாரணச் சலவைத்தூளும் தோலில் இருக்கும் எண்ணெய்ப்பசையை எடுத்துவிடும். வளைத்தால் விரிசல் விடுகிறதா என்று பாருங்கள். விரிசல் விட்டால் அந்த விளிம்புகள் முதுகைக் கிழிக்கும், தூக்கிப் போட்டுவிடுங்கள். வெறும் விறைப்புதான் என்றால், லேசாக ஈரப்படுத்தி, லனோலின் (கம்பளியின் இயற்கையான எண்ணெய்ப்பசை) கலந்த கம்பளிச் சோப்புநீரில் மென்மையாக அலசி, முறுக்காமல் துண்டில் சுற்றி அழுத்தித் தண்ணீரை எடுத்து, நிழலில் தட்டையாகப் பரப்புங்கள். பாதி காய்ந்திருக்கும்போதே தோல் பக்கத்தை எல்லாத் திசையிலும் கையால் இழுத்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்ததும் கம்பிச் சீப்பால் கம்பளியைச் சீவி எழுப்புங்கள். அடுத்த முறையிலிருந்து துவைப்பதைக் குறைத்து, உலர்ந்த அழுக்கைத் தூரிகையால் தட்டி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.