மளிகைச் சீட்டும் மூன்று மாதச் சர்க்கரையும்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு வயது 41. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் என் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (எச்.பி.ஏ.1சி) 6.1 விழுக்காடு என்று வந்தது. "இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், சாப்பாட்டை மாற்றுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்" என்றார் மருத்துவர். அன்றிலிருந்து அதிகாலை 5 மணி நடை, வெறும் வயிற்றில் சியா விதை, காலையில் ஸ்மூத்தி, சாமை தோசை, வரகுப் பொங்கல், சீனிக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை என்று எல்லாவற்றையும் செய்துபார்த்தேன். எதுவும் மூன்று வாரத்தைத் தாண்டவில்லை. மனைவி பள்ளி ஆசிரியை, எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். எழுபதை நெருங்கும் அம்மாவோ, "சோத்தைக் குறைச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்" என்கிறார்.

வீட்டின் மளிகைச் சீட்டைப் பார்த்தால் அந்த வீட்டின் உடம்பு தெரியும் என்று நீங்கள் ஒரு கட்டுரையில் எழுதியிருந்ததால், எங்கள் சீட்டையும் அன்றாட நேரங்களையும் கீழே தந்திருக்கிறேன். பெரியவர்கள் மூவர், பத்து வயது மகள் ஒருத்தி. மாதம் ஒரு சிப்பம் பொன்னி (25 கிலோ), இட்லி அரிசி 5 கிலோ, கோதுமை மாவு 3, ரவை 2, சேமியா 1. துவரம்பருப்பு 2, உளுந்து ஒன்றரை, பாசிப்பருப்பும் கடலைப்பருப்பும் அரை அரை கிலோ. சீனி 3, நாட்டுச்சர்க்கரை 2, உப்பு 1 கிலோ, எண்ணெய் 4 லிட்டர். காய்கறி ஞாயிறுதோறும் ஐந்து கிலோ, அதில் பாதி வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு. கீரை அபூர்வம், ஆய நேரமில்லை. நான் வீடு திரும்ப ஏழேகால் ஆகும். வந்ததும் டீயும் மிக்சரும். அம்மா ஏழரைக்கே சாப்பிட்டுவிடுவார். நாங்கள் ஒன்பதரை மணிக்குத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து தோசையோ இட்லியோ சாப்பிடுவோம். உற்சாகமாக வாழ்வதற்கும் நன்றாகச் சாப்பிடுவதற்கும் எளிய பழக்கங்கள் நாலைந்து சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் மருத்துவன் அல்லன்; உங்கள் மருத்துவர் இதற்கு மாறாக ஏதேனும் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். 6.1 என்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, இந்தியாவில் இந்த நிலையில் 13.6 கோடிப் பேர் இருப்பதாகக் கணித்தது. ஆகவே இது உங்களுக்கு மட்டும் நேர்ந்த விபரீதமும் இல்லை, சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த தண்டனையும் இல்லை.

கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் முதலில் உங்கள் சீட்டைக் கணக்காகவே பார்ப்போம். நால்வர், முப்பது நாள் என்றால் 120 ஆல் வகுக்க வேண்டும். அரிசி, கோதுமை, ரவை, சேமியா எல்லாம் சேர்ந்து 36 கிலோ. ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம். பருப்பு வகைகள் நாலரை கிலோ. ஒருவருக்கு 37 கிராம் சொச்சம். காய்கறி வாரம் ஐந்து கிலோ என்றால் ஒருவருக்கு 180 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கைக் கழித்தால் 90 கிராம்கூடத் தேறாது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், கீரையும் காயும் சேர்த்து 400 கிராம் என்று அளவு சொல்கிறது. பருப்புக்கான அளவில் முட்டையும் மீனும் கறியும் அடங்கும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால், உங்களிடம் இதுவரை யாரும் சொல்லாத ஒன்று தெரியவரும். உங்கள் வீட்டில் தானியம் வரம்பைத் தாண்டியிருப்பது ஐம்பது கிராம் அளவுக்குத்தான்; பருப்பு பாதிகூட இல்லை, காய் கால்பங்குக்கும் கீழே. எதை விடுவது, எதைக் குறைப்பது என்றே நீங்கள் யோசித்திருக்கிறீர்கள். வயிற்றை நிறைக்க வேண்டிய மற்ற பொருள்கள் வீட்டுக்குள் போதுமான அளவு வரவே இல்லை. இருந்தாலும் ஒன்று: எழுபதை நெருங்கும் தாயாரும் பத்து வயதுக் குழந்தையும் 300 கிராம் தானியம் சாப்பிட மாட்டார்கள். அவர்கள் விடும் பங்கு யார் தட்டுக்குப் போகிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சிறுதானியத்தைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். சாமையும் வரகும் கம்பும் நல்ல உணவுகள், கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்துக்கு வேறு தானியம் ஈடில்லை, மழை குறைந்த நிலத்து விவசாயிக்கும் அவை நன்மை செய்கின்றன. ஆனால் அவற்றை மருந்து என்று நம்பி ஐந்து தோசை சாப்பிடுகிற பழக்கம் ஐ.நா. அறிவித்த 2023ஆம் ஆண்டின் சிறுதானியக் கொண்டாட்டத்துக்குப் பிறகு பெருகிவிட்டது. ஐ.சி.எம்.ஆர். அமைப்பும் சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளிவந்தது. இந்தியர்கள் பெறும் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், மொத்த மாவுச்சத்தின் அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைப்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றும், அந்த மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பயறு, பால் வகைப் புரதமாக மாற்றினால் அபாயம் குறைகிறது என்றும் அந்த ஆய்வு காட்டுகிறது. ஆகவே சாமை வாங்கும் காசில் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் வாங்குங்கள். சாமை பிடித்திருந்தால் அரிசியின் அளவில் கழித்துக்கொண்டு வாங்குங்கள். நாட்டுச்சர்க்கரைக்கும் இதே நியாயம்தான். சீனியும் அதுவும் சேர்ந்து உங்கள் வீட்டில் மாதம் ஐந்து கிலோ, ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 42 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. நிறம் பழுப்பாக இருப்பதை ரத்தம் பார்ப்பதில்லை.

இனி உங்கள் மூன்று வாரத் தோல்விக்கு வருகிறேன். அதை மன உறுதியின் குறை என்று நீங்கள் எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய ஒரு பெண், வீட்டுக்கு இட்லி, மகளுக்கு மதிய டப்பா, கணவருக்குத் தனியாக ஸ்மூத்தி, தனியாக வரகுப் பொங்கல் என்று இரண்டு சமையல் செய்ய வேண்டியிருந்தால், அந்தத் திட்டம் மூன்று வாரம் ஓடியதே அவருடைய பெருந்தன்மை. உணவுப் பழக்கத்தைப் பற்றிப் பேசுகிற ஆண்களில் பெரும்பாலோர் அந்தப் பழக்கத்துக்கான வேலையை யார் செய்வது என்பதைப் பேசுவதே இல்லை. எனவே புதிய பழக்கம் எதுவாக இருந்தாலும், வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற ஒரே சமையலுக்குள் அது அடங்க வேண்டும்; அதனால் கூடுகிற வேலையை நீங்கள் செய்ய வேண்டும். இரவு படுக்குமுன் இரண்டு கைப்பிடி கடலையையோ பயறையோ கழுவி ஊறப்போடுவது உங்கள் வேலை. கீரை ஆய்வது உங்கள் வேலை. செய்தி பார்த்துக்கொண்டே ஒரு கட்டு அரைக்கீரையை ஆய்ந்துவிடலாம். காய் வாங்குவதும் உங்கள் வேலையே. நான்கு பேருக்கு வாரம் பதினோரு கிலோ காய்கறி வேண்டும், அதை ஒரே நாளில் வாங்கினால் வியாழக்கிழமைக்குள் பாதி வதங்கிவிடும். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை உங்கள் ஊரில் தென்னூரிலும் இருக்கிறது. ஞாயிறும் புதனும் காலையில் அங்கே போய்ச் சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், அவரை, கொத்தவரை என்று அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்கி வாருங்கள். சியா விதைக்குச் செலவிட்ட பணத்தில் கணிசமான காய் வரும்.

அடுத்தது பரிமாறும் முறை. நம் மதியச் சாப்பாட்டின் அமைப்பைச் சற்று நின்று பாருங்கள். சாம்பாருக்கு ஒருமுறை சோறு போடுகிறோம், ரசத்துக்கு மறுசோறு, மோருக்கு மூன்றாம் சோறு. பொரியல் ஒரு கரண்டி தட்டின் ஓரத்தில் இருக்கும், அதுவும் சோற்றுக்குத் துணையாக. வயலில் உழைத்தவர்களுக்கும் விருந்துக்கு வந்தவர்களுக்கும் ஏற்ற இந்த முறையை நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் நாமும் அப்படியே தொடர்கிறோம். இதில் எந்தப் பண்டத்தையும் கைவிட வேண்டியதில்லை. ஒரு கிண்ணம் பொரியலையோ கூட்டையோ முதலில் சாப்பிட்டுவிடுங்கள். காயையும் பருப்பையும் முன்னால் சாப்பிட்டுப் பிறகு சோற்றுக்குப் போனால் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. பின் சாம்பாருக்கு மட்டும் சோறு. ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், மோரையும் அப்படியே. உங்கள் தாயாரின் கவலைக்கும் இதுவே பதில்: சாப்பாட்டில் சாம்பாரும் இருக்கிறது, ரசமும் இருக்கிறது, மோரும் இருக்கிறது, சோறும் இருக்கிறது. மகன் பட்டினி கிடக்கிறான் என்று அவர் சொல்ல வழியில்லை.

இரவு உணவின் நேரத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு மணிக்குச் சாப்பிட்ட மதிய உணவுக்குப் பிறகு ஏழேகால் மணிக்கு வீடு திரும்பும் மனிதனுக்குப் பசி இருக்கத்தான் செய்யும். அந்தப் பசிக்கு மிக்சரைக் கொடுத்துவிட்டு, ஒன்பதரை மணிக்குப் பசியில்லாமல் நான்கு தோசை சாப்பிட்டு, பத்தரைக்குப் படுப்பது இரண்டு இரவுச் சாப்பாட்டுக்குச் சமம். தாயார் ஏழரைக்குச் சாப்பிடுகிறார் அல்லவா, அந்த நேரத்துக்கு நீங்கள் நால்வரும் உட்காருங்கள். மிக்சர் தானாகப் போய்விடும்; அதை எதிர்த்து யாரும் போராட வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தில் ஒரு டப்பா சுண்டல் சாப்பிட்டிருந்தால் ஏழரைக்கு இரண்டு தோசையும் நிறைய சாம்பாரும் போதுமானதாக இருக்கும். அலுவலக டீக்கும் அந்தச் சுண்டலுக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள். டீயிலுள்ள பொருள்கள் உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. இது உங்களைவிட உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் அதிகம் பொருந்தும்.

நடையும் இதோடு சேர்ந்ததே. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் பாதை வகுத்திருக்கிறார்கள், நல்ல முயற்சிதான். ஆனால் நடந்தே பழகாத ஒருவர் எட்டுக் கிலோமீட்டரில் தொடங்கக் கூடாது. தூக்கத்தை வெட்டி ஐந்து மணிக்கு எழுந்தும் தொடங்கக் கூடாது. தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்வதும் குறைகிறது. சாப்பிட்டபின் நடந்தால், தசைகள் அப்போதே ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. மதியம் பத்து நிமிடம், இரவு பதினைந்து நிமிடம் கைவீசி நடந்தால் வாரத்துக்கு 175 நிமிடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் குறைந்தபட்சமாகக் கேட்பது 150 நிமிடம். நேரத்தோடு சாப்பிட்டுவிட்டால் எட்டு மணிக்குத் தெருவில் இறங்கலாம், மகளையும் அழைத்துக்கொள்ளலாம்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மாதம் ஒரு கிலோ என்றால் ஒருவருக்கு எட்டுக் கிராமுக்கு மேல். ஐந்து கிராம்தான் வரம்பு, ஊறுகாயும் அப்பளமும் மிக்சரும் இந்தக் கணக்கில் சேரவில்லை. தாயார் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் இது அவசரமான விஷயம். மோரில் உப்புப் போடுவதை நிறுத்துவதிலிருந்து தொடங்கலாம். எண்ணெயில் உங்கள் வீடு பரவாயில்லை.

உற்சாகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காலையில் கண்ணாடி முன் நின்று நல்ல வார்த்தைகள் சொல்லிக்கொள்வது, நன்றிக் குறிப்பேடு எழுதுவது முதலியவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. அவற்றால் பயன்பெற்றவர்கள் இருக்கக்கூடும், நான் குறுக்கே நிற்கவில்லை. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு. ஒரே வீட்டில் நான்கு பேர் இருக்கிறீர்கள், எழுபதை நெருங்கும் தாயார் தனியாகச் சாப்பிடுகிறார், மற்ற மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறீர்கள். ஏழரை மணிச் சாப்பாட்டைச் சர்க்கரைக்காக மட்டும் நான் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். இரவு நேரத்தை இந்த வாரமே மாற்றுங்கள், அது ஒன்றை மாற்றினால் இரண்டு மூன்று தாமாக மாறும். காய்கறியை அடுத்த வாரம் கூட்டுங்கள். அடுத்த மாதச் சீட்டில் ஒரு சிப்பம் அரிசியை 20 கிலோவாக எழுதி, மூன்று கிலோ பயறு வகைகளைச் சேருங்கள். சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால்தான் இந்தப் பரிசோதனை மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிறது. எனவே இரண்டு வாரத்தில் ஓர் எண்ணை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். மறுபரிசோதனைக்குப் போகும்போது உங்கள் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். இத்தனை ஆண்டுகளாக அதே அரிசியையும் அதே சீனியையும் அவரும் சாப்பிட்டுவருகிறார், உங்கள் அலுவலக முகாமில் அவருக்கு யாரும் ரத்தம் எடுக்கவில்லை. 30 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகவே பார்க்கிறார்கள். பள்ளி விடுமுறை நாள் ஒன்றைப் பார்த்து முன்பே குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் அவர் தள்ளிப்போட்டுவிடுவார்.