தினமும் போடும் கேஸ் மாத்திரையை நிறுத்தலாமா?

இரண்டு வருடமாகக் காலையில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் 40 போடுகிறேன், ஒரு நாள் விட்டால்கூட நெஞ்சு எரிகிறது, கிட்னி போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள், நிறுத்திவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. என் அம்மா இதே மாத்திரையை ஆறு வருடம் போட்டார், அதில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். முதலில் ஒன்று, நாளைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அம்மாவுக்கு மூட்டுவலி. வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிடக் கூடாது என்று கூடவே இதையும் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். வலி மாத்திரை நின்றது, இது நிற்கவில்லை. மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டினாலே புதுசு தந்துவிடுவார்கள், செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையோடு சேர்த்து இதையும் எழுதிவிடுவார்கள், எதுக்கு இது என்று நாங்களும் கேட்டதில்லை. ஆறாவது வருடம் பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றார். சர்க்கரையால் வருவது என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர் வீட்டு வாசலில் நின்று செருப்பைக் கழற்றக் குனிகிறார், இடது காலில் செருப்பே இல்லை. தெருமுனையில் கழன்று கிடந்தது. அவ்வளவு தூரம் வெறுங்காலில் நடந்தது அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பார்த்த டாக்டர்தான் வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். ரொம்பக் குறைவு, அது குறைந்தால் நரம்பு பாதித்துக் கால் மரத்துப்போகலாம். சாப்பாட்டில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12 பிரிந்து வருவதற்கு வயிற்று அமிலம் வேண்டும், அந்த அமிலத்தை வருடக்கணக்கில் அடக்கி வைத்திருக்கிறோம். போதாததற்கு அம்மா சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும். இரண்டும் சேர்ந்துகொண்டது. உங்களுக்கும் சர்க்கரை இருந்து இரண்டையும் போடுகிறீர்கள் என்றால் இந்த ஒரு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரை கெட்டது என்று சொல்ல வரவில்லை. உணவுக்குழாய் புண்ணாகியிருந்தால் பெரும்பாலும் எட்டு வாரத்தில் ஆற்றிவிடும். அல்சரில் ரத்தம் கசிந்தவர்கள், இதயத்துக்காக ஆஸ்பிரின் போடும் வயதானவர்கள், உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போன பாரெட் நிலை உள்ளவர்கள், இவர்களுக்கெல்லாம் இது காவல். அவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது.

கிட்னி விஷயத்துக்கு வருகிறேன். சிறுநீரகத்தில் ஒவ்வாமை போல அழற்சி வருவது உண்மை, ஆனால் அரிது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010-ல் எலும்பு முறிவு பற்றியும், 2011-ல் மக்னீசியம் குறைவது பற்றியும், 2012-ல் ஒரு வகைக் கிருமியால் வரும் கடுமையான வயிற்றுப்போக்கு பற்றியும் எச்சரித்தது. இன்னொரு பக்கம், 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில் இதய, ரத்தக்குழாய் நோயாளிகள் 17,000-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு இதே பான்டோப்ரசோல் 40-ஐயும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் கொடுத்து மூன்று வருடம் போலக் கவனித்தார்கள், குடல் தொற்று மட்டும் கொஞ்சம் கூடியது, சிறுநீரக நோயிலோ எலும்பு முறிவிலோ குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அதனால் பயந்து சாக வேண்டாம். தேவையில்லாமல் போடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

உங்கள் அட்டையில் பெயருக்குப் பின்னால் டி அல்லது டிஎஸ்ஆர் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதில் வாந்தியைத் தடுக்கும் டோம்பெரிடோன் என்ற மருந்தும் சேர்ந்திருக்கிறது. அது இதயத் துடிப்பின் லயத்தைக் கெடுக்கலாம் என்பதால், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014-லேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் அதை வருடக்கணக்கில் போடுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர் இருக்கிறார்கள்.

சரி, ஒரு நாள் விட்டால் ஏன் எரிகிறது? நோய் இன்னும் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லாமலும் இருக்கலாம். அமிலம் குறைந்ததும் உடம்பு அமிலத்தைச் சுரக்கவைக்கும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டிவிடுகிறது, மாத்திரையை நிறுத்தியதும் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து அமிலம் பொங்குகிறது. டென்மார்க்கில் வயிற்றுத் தொந்தரவே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு இந்த இன மாத்திரையை எட்டு வாரம் கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள். 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் மாதிரி தொந்தரவுகள் வந்தன, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 15 சதவீதம்தான். 2009-ல் வெளியானது இது. இதைப் படித்த பிறகுதான் அம்மா முதல் தடவை நிறுத்தியபோது நாலாம் நாளே திரும்பப் போட்டதற்குக் காரணம் புரிந்தது.

இரண்டாவது தடவை டாக்டர் சொன்னபடி 40-லிருந்து 20, ஒரு மாதம் கழித்து ஒருநாள் விட்டு ஒருநாள், இடையில் எரிந்தால் அமிலத்தைத் தணிக்கும் ரோஸ் கலர் டானிக் இரண்டு ஸ்பூன். ராத்திரி சாப்பாடு ஏழரைக்கு, தலைமாட்டில் கட்டில் காலுக்கு அடியில் செங்கல், இடது பக்கம் திரும்பிப் படுப்பது. முழுசாக நிறுத்த இரண்டரை மாதம் ஆனது.

போடுகிற வரைக்கும் சரியாகப் போடுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில், உடைக்காமல் முழுசாக. டிபன் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் பலன் குறையலாம், அப்புறம் டோஸ் போதவில்லை என்று கூட்டச் சொல்வீர்கள்.

உணவு தொண்டையில் சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுப்பாகப் போவது, ரத்தசோகை, இதில் எது இருந்தாலும் குறைப்பதைப் பற்றி யோசிக்காமல் எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்று கேளுங்கள். நெஞ்சில் பாரம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் கேஸ்தான் என்று மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இசிஜி எடுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.