பையைப் பார்த்துக்கொள்ள ஒருவர்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் பயணக் குறிப்புகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எனக்கு 46 வயது. வங்கியில் பணிபுரிகிறேன். வரும் ஜூலையில் மூன்று வாரங்கள் இத்தாலியிலும் கிரேக்கத்திலும் தனியாகப் பயணம் செய்யவிருக்கிறேன். அந்த நாடுகளுக்குள் விமானமே ஏறுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ரோமிலிருந்து ரயிலில் சிசிலி, அங்கிருந்து திரும்பி பாரி துறைமுகம், பாரியிலிருந்து கப்பலில் பாத்ராஸ், பிறகு ஏதென்ஸ், கடைசியாக ஏஜியன் கடலில் இரண்டு தீவுகள் என்பது திட்டம். எனக்கு விடுப்பு அந்த மாதத்தில்தான் கிடைக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு அச்சம் சொல்கிறார்கள். கணவர் திருட்டைப் பற்றிச் சொல்கிறார். அம்மா, பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாமல் என்ன பயணம் என்கிறார். என் தங்கை அந்நாட்டுக் கோடை வெப்பத்தைப் பற்றிய செய்திகளாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அவற்றைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது. வெயிலிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு 38 டிகிரி ஒரு பொருட்டா?

தனியாகப் போகிறவர் உண்மையிலேயே அஞ்சவேண்டியது எது? தனிமை தங்களுக்கு எப்போதாவது தாளமுடியாமல் போனதுண்டா?

அன்புடன்,
வ.

அன்புள்ள வ.,

நீங்கள் சிரித்துவிட்டுக் கடந்த இடத்தில்தான் உங்கள் முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது. தெற்கு ஐரோப்பாவின் கோடையில் தனியாகப் போகிறவர் முதலில் அஞ்சவேண்டியது வெயிலுக்குத்தான். உங்கள் தங்கை சொல்வது சரி. ஆனால் அவர் அனுப்பும் செய்திகள் வெயில் உடலை என்ன செய்யும் என்று மட்டுமே சொல்லியிருக்கும். தனிப்பயணிக்கு அதைவிடப் பெரிய சிக்கல், உடல் தளர்வதற்கு முன்பே வெயில் நம் தீர்மானிக்கும் திறனைக் குலைத்துவிடுகிறது என்பது. இருவராகப் போகும்போது, ஒருவர் முகம் சிவந்து எரிந்து விழத் தொடங்கியதும் மற்றவர் கையைப் பிடித்து நிழலில் உட்காரவைப்பார். தனியாகப் போகிறவருக்கு அந்த இரண்டாவது ஆள் கிடையாது. குழம்பிக்கொண்டிருக்கும் அதே மூளைதான் தான் குழம்பிக்கொண்டிருப்பதையும் கண்டுபிடித்தாகவேண்டும்.

வெயிலில் வளர்ந்தவர்கள் என்ற நம்பிக்கை எனக்கும் இருந்தது. நின்று யோசித்தால், நமக்குத் தெரிந்தது வெயிலைத் தாங்குவதல்ல, வெயிலிலிருந்து ஒதுங்கிக்கொள்வது. நண்பகலில் 12 கிலோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்பின் தெரியாத தெருக்களில் மூன்று கிலோமீட்டர் நடக்கிறவர் நம்மில் யாரும் இல்லை. பயணியானதும் அதைத்தான் செய்கிறோம், அதுவும் விடுதி அறையைக் காலி செய்யவேண்டிய நேரத்துக்கும் ரயில் நேரத்துக்கும் இடைப்பட்ட பொழுதில், அதாவது சரியாக உச்சி வெயிலில். வெப்பத்துக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரங்கள் வேண்டும். ஆண்டு முழுவதும் குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கும் வங்கி ஊழியரின் உடல் அந்தப் பழக்கத்தைப் பிறப்பிலேயே பெற்றிருக்கும் என்று நான் நம்பமாட்டேன். உரிமையோடு சொல்கிறேன், வருந்தாதீர்கள்.

இன்னொன்று, நம்மவர்களைக் கடிகாரம் ஏமாற்றுகிறது. ஐந்து மணி ஆனால் வெயில் தாழ்ந்துவிட்டது என்று கிளம்புவது நம் வழக்கம். ஏதென்ஸில் ஜூலையில் சூரியன் உச்சிக்கு வருவதே ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு. அது மறையும்போது இரவு ஒன்பதை நெருங்கிவிடும். கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். ஆகவே அங்கே மாலை ஐந்து என்பது சூரியனின் கணக்கில் மூன்றரை. நீங்கள் போகவிருக்கும் சிசிலியில்தான் 2021 ஆகஸ்ட் 11 அன்று, சிராகூசாவை அடுத்த புளோரிடியாவில், 48.8 டிகிரி பதிவாகியது. ஐரோப்பியக் கண்டத்தின் உச்ச வெப்பநிலை அதுவே என்று உலக வானிலை அமைப்பு பின்னர் ஏற்றுக்கொண்டது. ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றை 2023 ஜூலையிலும் 2024 ஜூனிலும் கடும் வெப்ப நாட்களில் நண்பகல் முதல் மாலை ஐந்து வரை மூடியே வைத்தார்கள். அந்தச் சுண்ணாம்புப் பாறையில் ஒருமுறை ஏறியவருக்கு அதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை.

எந்தக் கையேடும் சொல்லாத ஒன்றை இனிச் சொல்கிறேன். தனியாகப் பயணம் செய்கிறவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். தண்ணீர் கிடைக்காததால் அல்ல. ரோமில் மட்டுமே 2,000-க்கு மேற்பட்ட தெருக் குழாய்களில் குளிர்ந்த குடிநீர் ஓடிக்கொண்டிருக்கிறது. குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும், போனால் பையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதுதான் காரணம். ரயிலில் பையைத் தலைக்கு மேலே விட்டுவிட்டுப் போக மனம் வராது. தூக்கிக்கொண்டு போனால் அந்தச் சிறிய அறைக்குள் நமக்கும் பைக்கும் சேர்த்து இடம் இருக்காது. எனவே இறங்கும்வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு அமர்ந்திருப்போம். பெண்களுக்கு இந்தக் கணக்கு உள்ளூர்ப் பயணங்களிலேயே பழகிப்போனது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை. உங்கள் கணவர் சொல்லும் திருட்டு அச்சமும் உங்கள் தங்கை சொல்லும் வெயில் அச்சமும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும் இடம் இது. வெயிலில் நடக்கும் உடல் ஒரு மணிநேரத்தில் ஒரு லிட்டர் வியர்வையை இழந்துவிடக்கூடும். ஐந்து மணிநேர ரயிலில் பைக்குக் காவல் இருந்துவிட்டு, ஏற்கெனவே வறண்ட உடலோடு நீங்கள் நண்பகலில் இறங்குகிறீர்கள்.

எனக்கு நேர்ந்தது அப்படித்தான். தென்னித்தாலியத் துறைமுகம் ஒன்றில் மாலைக் கப்பலுக்காக மதியமே வந்து இறங்கினேன். நிலையத்தில் க்ளோக் ரூம் இருந்தது, வாசலில் டாக்ஸி நின்றது. இரண்டையும் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினேன். சீட்டைக் காட்டி ஏறுசீட்டு வாங்கும் இடம் ஒருபுறமும் கப்பல் நிற்கும் துறை மறுபுறமும் இருந்தன. நடுவே நிழலே இல்லாத தார்ப்பரப்பு. வரிசையில் நின்ற ஒருவரிடம் காரணமில்லாமல் சினந்து பேசினேன். பிறகு கையிலிருந்த சீட்டை எடுத்துப் புறப்படும் நேரத்தைப் படித்தேன். மடித்து வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். எண்கள் தெரிந்தன, அவற்றின் பொருள் தெரியவில்லை. அப்போது எனக்கு எழுந்த ஒரே எண்ணம், இவ்வளவு சிறிய எழுத்தில் அச்சிட்டவர்கள் எவ்வளவு பொறுப்பற்றவர்கள் என்பதுதான். அங்கே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த வயதான பெண்மணி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், தோளைப் பிடித்து உள்ளே ஒரு பெஞ்சில் உட்காரவைத்துப் பிடரியில் ஈரத்துணியை வைத்தார். அரைமணி நேரம் கழித்து அதே சீட்டை எடுத்துப் பார்த்தேன். எழுத்து நல்ல பெரிய எழுத்துதான்.

அவர் பார்க்காமல் போயிருந்தால் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். 2024 ஜூன் 5 அன்று பிரிட்டனின் புகழ்பெற்ற தொலைக்காட்சி மருத்துவர் மைக்கேல் மோஸ்லி, கிரேக்கத்தின் சிமி தீவில் ஒரு கடற்கரையிலிருந்து பிற்பகலில் தனியாக நடந்து திரும்பினார். நான்கு நாட்கள் கழித்து, மக்கள் இருந்த இன்னொரு கடற்கரைக்கு மிக அருகே அவருடைய உடல் கிடைத்தது. மரணத்தின் காரணத்தை உறுதியாகச் சொல்லமுடியாது, வெப்பவாதமாகவோ கண்டறியப்படாத வேறு நோயாகவோ இருக்கலாம் என்றே விசாரணையில் முடிவு செய்தார்கள். உடலைப் பற்றி அவரைவிட அதிகம் அறிந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? அறிவு இருப்பது வேறு, அந்த நேரத்தில் அது கைக்கு எட்டுவது வேறு.

ஆகவே வெயிலில் எடுக்கவேண்டிய தீர்மானங்களை வெயிலுக்கு முன்பே எடுத்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடிய ஒரே அறிவுரை. காலையில், குளித்துத் தெளிந்த மூளையோடு, அன்றைய நாளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 11 மணிக்கு எங்கே உட்கார்ந்திருப்பேன், பை எங்கே இருக்கும், எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு நடக்கமாட்டேன் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பிற்பகலில் அந்தத் தாளோடு வாதாடாதீர்கள். பெரிய நிலையங்களில் க்ளோக் ரூமுக்குக் கொடுக்கும் பணத்தை வீண்செலவாக எண்ணாதீர்கள். சில மணிநேரத்துக்கு அந்த இரண்டாவது ஆளை நீங்கள் கூலிக்கு அமர்த்திக்கொள்கிறீர்கள். உங்கள் தங்கையோடு ஒவ்வொரு நாளும் ஒரு குறித்த நேரத்தில் பேசுங்கள், செய்தி அனுப்புவது போதாது. குரல் குழறுவதை அவர்தான் கேட்கமுடியும். குழப்பமும் தள்ளாட்டமும் வந்துவிட்டால் அது ஓய்வெடுத்துச் சரிசெய்யும் களைப்பு அல்ல. அருகிலிருப்பவரை அழைக்கவேண்டும், இரு நாடுகளிலும் அவசர எண் 112.

ரயிலையும் கப்பலையும் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. இரண்டும் நம்மை வலுக்கட்டாயமாக உட்காரவைப்பவை. ஆனால் கோடையில் அவற்றுக்கும் காய்ச்சல் வரும். வெயிலில் தண்டவாளம் காற்றைவிட 20 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறக்கூடும். வெப்பநிலை 30 டிகிரி கூடினால் ஒரு கிலோமீட்டர் எஃகு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளவேண்டும். பற்றவைத்து இறுக்கிய தண்டவாளத்துக்கு நீள இடமில்லை, அழுத்தம் மிகுந்தால் பக்கவாட்டில் நெளிந்துவிடும். அதனால்தான் கடும் வெப்ப நாட்களில் ரயில்களின் வேகத்தைக் குறைக்கிறார்கள். இணைப்பு ரயிலுக்கு 20 நிமிடம் போதும் என்று திட்டமிட்டவர் அதைத் தவறவிட்டு, நண்பகலில், அறியாத நிலையத்தில் புதிய தீர்மானம் எடுக்கவேண்டியதாகும். இரண்டு மணிநேர இடைவெளி விடுங்கள்.

சிசிலிக்குப் போகும் ரயில் மெஸ்ஸினா நீரிணையைக் கடப்பதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வில்லா சான் ஜொவான்னியில் ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுகிறார்கள். மிகக் குறுகிய இடத்தில் மூன்று கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீர்தான், ஆனால் பிரித்து ஏற்றி இறக்கிக் கோப்பதில் நெடுநேரம் போகிறது. நான் சென்ற நாளில் எஞ்சினைக் கழற்றியதும் குளிர்சாதனம் அடங்கியது. பெட்டி சில நிமிடங்களில் அடுப்பாகியது. பலரும் இறங்கிப் படியேறி மேல்தளத்துக்குக் காற்று வாங்கப் போனார்கள். நானோ பையை விட்டுப் போக மனமின்றி வியர்வையில் நனைந்தபடி அமர்ந்திருந்தேன். எட்னா எரிமலை தெரிந்ததாம். பணமும் பாஸ்போர்ட்டும் உடம்போடு இருந்தால், மீதமிருப்பது நான்கு சட்டைகள் மட்டுமே. நீங்கள் மேலே போங்கள்.

பாரியிலிருந்து பாத்ராஸுக்கு இரவு முழுவதும் பயணம், 15 மணிநேரத்துக்கு மேல் ஆகும். மேல்தளத்தில் படுத்துப் போவது மலிவு, ஆனால் காலை வெயில் ஏறியபின் கடற்காற்று ஏமாற்றும். வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் இழப்பது தெரியாது. உள்கூடத்திலோ சால்வை தேவைப்படும் குளிர். கிரேக்கக் கடிகாரம் இத்தாலியக் கடிகாரத்தைவிட ஒரு மணிநேரம் முன்னே ஓடுகிறது என்பதை மறந்து, இறங்கவேண்டிய நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாத்ராஸிலிருந்து ஏதென்ஸுக்கு நேரடி ரயில் கிடையாது. ரயிலில்தான் போவது என்றால் பேருந்தில் ஏறி வழியில் ரயிலுக்கு மாறவேண்டும். தீவுகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்தெமி என்னும் வடகாற்று வீசும். வெப்பத்துக்கு அது மருந்து, கால அட்டவணைக்கு நஞ்சு. பொதுவாக, காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் அது 8-ஐ எட்டினால் பயணிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். வேகப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். ஊர் திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாட்கள் முன்பாகவே கடைசித் தீவைவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

தனிமையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பகலில் எனக்கு அது உறுத்தியதில்லை. இரவுச் சாப்பாட்டு மேசையில் உறுத்தியிருக்கிறது, எதிர் நாற்காலியைப் பரிசாரகர் எடுத்துக்கொண்டு போகும் அந்த ஒரு கணத்தில். தாளமுடியாமல் போனதில்லை. உங்கள் அம்மா சொல்லும் பேச்சுத் துணையோ எதிர்பாராத வகையில் கிடைக்கும்.

நான் மேலே சொன்ன அதே மாலையில், கப்பல் கிளம்பியபின், பக்கத்து இருக்கையில் இருந்த பெண் தன் முதுகுப்பையைச் சுட்டி, பிறகு தன் கண்ணைச் சுட்டி, என்னைச் சுட்டினார். தலையாட்டினேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தவர், என் பையைச் சுட்டித் தன் கண்ணைச் சுட்டினார். இருவருக்கும் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. மறுநாள் பிற்பகல் பாத்ராஸ் வரும்வரை மாறி மாறி அப்படியே பார்த்துக்கொண்டோம். அன்றிரவு மட்டும் நான் மூன்று பாட்டில் தண்ணீர் குடித்தேன்.

அன்புடன்.