சுவர் சாய்ந்தது, தீர்ப்பு சாயவில்லை

கேள்வி: கடல் பிளந்தது, வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுந்தது. இந்த அற்புதங்களை எடுத்துவிட்டால் யூத மதத்தில் என்ன மிஞ்சும்?

பதில்: யூத மதமே மிஞ்சும். கடல் பிளந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், மூன்று நாள் தண்ணீர் கிடைக்காமல் போனதும், எகிப்திலிருந்து தங்களை அழைத்து வந்த மோசேயிடம் முறுமுறுத்தார்கள். இதைச் சொல்வது யூதர்களின் எதிரிகள் அல்ல, அவர்களின் வேத நூலான யாத்திராகமமே. அற்புதம் பார்த்தவுடன் நம்பிக்கை ஊன்றிவிடும் என்று அந்த நூலே நினைக்கவில்லை.

யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில், பாவா மெத்சியா பகுதியில், ஓர் அடுப்புத் தகராறு வருகிறது. துண்டு துண்டாக வெட்டி, நடுவில் மணல் போட்டுச் சேர்த்த மண் அடுப்பு. அது தீட்டுப்படுமா, படாதா? படாது என்கிறார் ரப்பி (யூத மத ஆசிரியர்) எலியேசர். படும் என்கிறார்கள் மற்றவர்கள். எலியேசர் எல்லா வாதமும் சொல்லிப் பார்த்துவிட்டு, "என் பக்கம் நியாயம் இருந்தால் இந்தக் கரோப் மரம் காட்டட்டும்" என்கிறார். மரம் பெயர்ந்து நூறு முழம் தள்ளிப் போய் நிற்கிறது. மரமெல்லாம் ஆதாரமாகாது என்கிறார்கள். வாய்க்கால் தண்ணீர் பின்னோக்கி ஓடுகிறது. ஊஹூம். பாடசாலைச் சுவர்கள் சாய்கின்றன. கடைசியில் வானத்திலிருந்தே குரல் வருகிறது: எலியேசர் சொல்வதுதான் சட்டம்!

அப்போது ரப்பி யோசுவா எழுந்து நின்று, "அது வானத்தில் இல்லை" என்கிறார். வேத நூலான உபாகமத்தின் வார்த்தை (30:12). கடவுளின் சட்டமான தோராவை மனிதர் கையில் கொடுத்தாகிவிட்டது, இனிப் பெரும்பான்மை சொல்வதே முடிவு. கடவுள் கோபப்பட்டாரா? சிரித்தாராம். "என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள்" என்றாராம். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். (இதற்குப் பிறகு எலியேசரை விலக்கி வைத்தது வேதனையான கதை. அதைத் தல்மூத் மறைக்கவும் இல்லை.)

12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இன்னும் கறாராகச் சொன்னார். மோசே செய்த அடையாளங்களுக்காக இஸ்ரவேலர் அவரை நம்பவில்லை. அடையாளம் பார்த்து நம்புகிறவன் மனதில் சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருக்கும், மந்திரத்தாலும் அதைச் செய்யலாமே என்று. கடல் பிளந்தது எகிப்தியரை மூழ்கடிக்க, மன்னா விழுந்தது பசிக்கு. யாருக்கும் நிரூபித்துக் காட்ட அல்ல. நம்பிக்கை பிறந்தது சீனாய் மலையடியில், கடவுளின் குரலைத் தங்கள் காதாலேயே கேட்டபோது என்கிறார்.

சரி, அற்புதமே வேண்டாம் என்கிறார்களா? இல்லவே இல்லை. தினமும் மூன்று வேளை சொல்லும் அமிதா ஜெபத்தில் அற்புதங்களுக்கு நன்றி உண்டு. ஆனால் அங்கே பிளந்த அந்தச் செங்கடலின் பெயர் வருவதில்லை. "ஒவ்வொரு நாளும் எங்களோடு இருக்கும் உமது அற்புதங்களுக்காக, மாலையிலும் காலையிலும் மதியத்திலும்" என்றுதான் வருகிறது.